இரண்டு குரல், இரண்டு மொழி, ஒரு வீடு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீ வெளிநாட்டில் வேலை பார்த்தவன், வேலை வாய்ப்புகள் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்றார். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் அதையேதான் பேசுகிறார்கள். நாலாவதாக நானும் அதையே பேசினால் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால், "அண்ணே, நான் பாட்டைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "பேசு, ஆனா பாடிராதே" என்றார். பாட மாட்டேன். தைரியமாக உட்காருங்கள்.

நான் பேசப் போவது கனடா நாட்டில் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரிகளைப் பற்றி. மூத்தவர் அன்னா மெக்கரிகல், 1944-ல் பிறந்தவர். இளையவர் கேட் மெக்கரிகல், 1946-ல் பிறந்தவர். இருவரும் சேர்ந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் பத்து இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். ஆங்கிலத்திலும் பாடினார்கள், பிரெஞ்சிலும் பாடினார்கள். இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். ஒரு விஷயம் சொன்னால் நிமிர்ந்து உட்காருவீர்கள். தங்கை கேட், மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனது எஞ்சினியரிங். ஆக, நம்ம ஆளு!

இவர்களை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். 2009-ல் நான் இங்கிருந்து வெளியே போனேன். அந்த பேட்ச் பசங்களுக்கு நினைவிருக்கும். உலகமெங்கும் பொருளாதார மந்தம். கையில் வேலை உத்தரவு இருக்கிறது, சேரும் தேதி மட்டும் இல்லை. ஒன்பது மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு சென்னையில் ஒரு அலுவலகத்தில் இரும்புக் கட்டடங்களுக்கு டீட்டெயிலிங் டிராயிங் போடும் வேலை கிடைத்தது. கட்டடம் எல்லாம் கனடாவில், வரைபடம் மட்டும் சென்னையில். 2016-ல் எட்டு மாதம் மாண்ட்ரியலுக்கே அனுப்பினார்கள்.

ஜனவரி மாதம் போய் இறங்கினேன். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. நம்ம ஊரில் குளிர் என்றால் மார்கழி மாதம் மப்ளர் கட்டுவதுதானே! அங்கே மூக்குக்குள் இருக்கும் முடி உறைந்துபோகிறது. அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு டிராஃப்ட்ஸ்மேன். நான் மதியம் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் ஒரு சிடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இந்த ஊர் குளிரைத் தாங்க கோட்டு மட்டும் போதாது, இதையும் கேள்" என்றார். அதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். அவர்கள் பெயரே அதற்குத் தலைப்பு: 'கேட் அண்ட் அன்னா மெக்கரிகல்'. 1975 முடிந்து 1976 பிறக்கிற சமயத்தில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன். குரல் கொஞ்சம் மூக்கால் வருகிறது. பியானோ, பாஞ்சோ, அக்கார்டியன். பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. இரண்டு பேர் சமையல்கட்டில் வேலை செய்துகொண்டே பாடுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் உறைத்தது. இரண்டு பேர் சமையல்கட்டில் வேலை செய்துகொண்டே பாடுகிற மாதிரி ஒரு இசைத்தட்டு போடுவது எவ்வளவு கஷ்டம்!

அவர்கள் வளர்ந்தது மாண்ட்ரியலுக்கு வடக்கே, லொரென்ஷிய மலைப்பகுதியில் செயின்ட் சோவேர் என்ற ஊர். ஐரிஷ் வழியும் பிரெஞ்சு வழியும் கலந்த குடும்பம். அப்பா ஃபிராங்க் பியானோ வாசிப்பார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் பழைய பாட்டுகளை வீட்டில் பாடுவார்கள். ஊரில் இருந்த கன்னியாஸ்திரீகளிடம் பிள்ளைகள் பியானோ படித்தார்கள். வீட்டில் ஆங்கிலம், தெருவில் பிரெஞ்சு. பிறகு அன்னா மாண்ட்ரியலில் ஓவியக் கல்லூரிக்குப் போனார், கேட் மெக்கில்லுக்குப் போனார். 1963-லிருந்து 1967 வரை ஜாக் நிசென்சன், பீட்டர் வெல்டன் என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து 'மவுண்டன் சிட்டி ஃபோர்' என்று ஒரு நால்வர் குழு வைத்துப் பாடினார்கள். காலேஜ் படிக்கிற காலத்தில் நண்பர்களோடு சேர்ந்து பாடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடியிலும் நடந்தது. வித்தியாசம் என்னவென்றால் அவர்கள் நிறுத்தவில்லை.

அவர்கள் எழுதிய பாட்டு, அவர்களுக்கு முன்னால் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. அன்னா எழுதிய 'ஹார்ட் லைக் எ வீல்' பாட்டை அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் பாடினார். அதையே 1974-ல் வந்த தன் ஆல்பத்துக்குத் தலைப்பாகவும் வைத்தார். அந்த ஆல்பம் 1975 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. கேட் எழுதிய 'வொர்க் சாங்' பாட்டை மரியா மல்டார் 1973-லேயே தன் முதல் ஆல்பத்தில் பாடிவிட்டார். பாட்டு எழுதிய இந்த இரண்டு பெண்களும் யார் என்று தேடிக்கொண்டு கம்பெனி வந்தது. அப்படித்தான் முதல் ஆல்பம் உருவானது. ஜோ பாய்ட், கிரெக் பிரஸ்டோபினோ இருவரும் தயாரித்தார்கள். இங்கிலாந்தில் 'மெலடி மேக்கர்' பத்திரிகை 1976-ன் சிறந்த ஆல்பம் என்று அதைத் தேர்ந்தெடுத்தது. அந்த நேரத்தில் கேட் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். ஆல்பத்தை விற்க ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டிய சுற்றுப்பயணம் நினைத்தபடி நடக்கவில்லை. அதற்காக அவர்கள் பெரிதாக அலட்டிக்கொண்டதாகவும் தெரியவில்லை.

அந்த முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு, 'டெல் மை சிஸ்டர்'. கேட் எழுதியது. தூர தேசத்திலிருந்து தனியாக வீட்டுக்குத் திரும்பி வரும் ஒரு பெண். அந்தச் செய்தியை அம்மாவிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. முதலில் அக்காவுக்குச் சொல்லச் சொல்கிறாள். அக்கா அம்மாவிடம் சொல்லிக்கொள்வாள். அவ்வளவுதான் பாட்டு.

இந்தப் பாட்டை மாண்ட்ரியல் மெட்ரோ ரயிலில் நின்றுகொண்டு கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் 2009-ல் சேரும் தேதி இல்லை என்று தெரிந்த அன்று நான் முதலில் போன் போட்டது என் அக்காவுக்குத்தான். "நீ அப்பாகிட்ட சொல்லிரு அக்கா" என்றேன். அக்கா ஒரே வார்த்தைதான் கேட்டாள். "அன்னம் தின்ட்டிவா?" என்றாள். சாப்பிட்டாயா என்று அர்த்தம்.

ஆமாம், எங்கள் வீட்டில் தெலுங்கு. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊர். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். எங்கள் தெலுங்கை ஆந்திராவில் பேசினால் சிரிப்பார்கள். எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ். என்னை ஆளாக்கியது தமிழ்தான். என்னோடு ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும், போனில் நான் வீட்டில் பேசுவதைக் கேட்டு மூன்று பேர் சுற்றி நின்று அதே மாதிரி பேசிக் காட்டுவார்கள். விளையாட்டுதான், நானும் சிரிப்பேன். ஆனால் இரண்டாவது செமஸ்டரிலேயே அம்மாவிடம், "போனில் தமிழிலேயே பேசும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை, மாற்றிக்கொண்டாள். அக்கா மட்டும் மாற்றிக்கொள்ளவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது ஆல்பம் 1977-ல் வந்தது. 'டான்சர் வித் ப்ரூஸ்டு நீஸ்'. அதில் அன்னா எழுதிய 'கிட்டி கம் ஹோம்' என்று ஒரு பாட்டு. கேட்டுடைய மண வாழ்க்கை முறிந்திருந்த நேரம். அவரும் பாடகர் லவுடன் வெய்ன்ரைட்டும் பிரிந்துவிட்டார்கள். அக்கா தங்கையை வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிற பாட்டு அது. யோசித்துப் பாருங்கள். முதல் ஆல்பத்தில் தங்கை அக்காவுக்குச் சேதி அனுப்புகிறாள். இரண்டாவது ஆல்பத்தில் அக்கா பதில் போடுகிறாள். நடுவில் ஒரு வருஷம். கடிதம் எழுதுகிற மாதிரி ஆல்பம் போட்டிருக்கிறார்கள்!

அதே ஆல்பத்தில்தான் பழைய பிரெஞ்சு நாட்டுப்பாடல்கள் இரண்டையும் சேர்த்தார்கள். முதல் ஆல்பத்திலேயே ஒரு பிரெஞ்சுப் பாட்டு உண்டு. 'கம்ப்ளைன்ட் பூர் சேன்ட் காத்ரீன்'. அன்னாவும் அவருடைய நண்பர் ஃபிலிப் டாட்டார்ட்செஃபும் எழுதியது. சேன்ட் காத்ரீன் என்பது மாண்ட்ரியலின் கடைத்தெரு, நம்ம ரங்கநாதன் தெரு மாதிரி, நீளம் மட்டும் ரொம்ப அதிகம். குளிருக்குப் பயந்து தெருவுக்கு அடியில் மெட்ரோவின் கதகதப்பில் நடக்கிறதைப் பற்றிய பாட்டு. நானும் தினமும் அப்படித்தான் நடந்தேன்.

மூன்றாவது ஆல்பம் 1978-ல் வந்த 'ப்ரொன்டோ மொன்டோ'. 'கோட்டைப் போட்டுக்கொள்' என்று பிரெஞ்சில் வேகமாகச் சொன்னால் ஆங்கிலக் காதில் எப்படி விழுமோ அதுதான் தலைப்பு. இரண்டு மொழி வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் இந்த மாதிரி வேடிக்கை தோன்றும். அந்த ஆல்பம் விற்கவில்லை. கம்பெனி அதோடு கையைக் கழுவிவிட்டது. 2016-ல்தான் அது சிடியாக மறுபடி வந்தது.

கம்பெனி கைவிட்டதும் என்ன செய்தார்கள் தெரியுமா? முழுக்க முழுக்க பிரெஞ்சில் ஒரு ஆல்பம் போட்டார்கள். 1980-ல். வெளியே 'ஃப்ரெஞ்சு ரெக்கார்ட்' என்றே அதற்குப் பேர். பெரும்பாலான பாடல் வரிகள் அதே டாட்டார்ட்செஃபுடன் சேர்ந்து எழுதியவை. வருஷத்தைக் கவனியுங்கள். கியூபெக்கில் 1976 நவம்பரில் தனிநாடு கேட்ட கட்சி ஆட்சிக்கு வந்தது. 1977-ல் பிரெஞ்சை மாகாணத்தின் ஆட்சிமொழியாக உறுதிப்படுத்தும் 101-ஆம் சட்டம் வந்தது. 1980 மே 20-ல் தனியாகப் போவதா வேண்டாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. மொழி என்றால் என்ன சூடு என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஊரே இரண்டாக நின்ற நேரத்தில், ஆங்கிலப் பேர் வாங்கிய இரண்டு பெண்கள், கொடி எதையும் தூக்காமல், தெரு மொழியில் ஒரு ஆல்பம் பாடினார்கள். அதை இரண்டு பக்கத்தவர்களும் கேட்டார்கள். அந்த டிராஃப்ட்ஸ்மேன் பிரெஞ்சுக்காரர். அவர் என்னிடம் சொன்னது இது: "எங்கள் வீட்டில் அந்த வருஷம் அண்ணன் தம்பிகளே பேசிக்கொள்ளவில்லை. இந்த ரெக்கார்டு மட்டும் எல்லார் வீட்டிலும் இருந்தது."

இந்த இடத்தில் சிவில் பசங்களுக்கு ஒரு கேள்வி. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பியைப் போடுகிறோம். ஏன் இரும்பு? அலுமினியம் போட்டால் என்ன? முதல் பெஞ்சில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது, சரிதான் தம்பி. வெப்பத்தில் விரிவடையும் அளவு. ஒரு டிகிரிக்கு இரும்பு பத்து லட்சத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு பங்கு விரிகிறது, கான்கிரீட் ஏறக்குறைய பத்து பங்கு. அலுமினியம் அதைவிட இரண்டு மடங்கு. இரும்பும் கான்கிரீட்டும் வேறு வேறு பொருள், ஆனால் வெயிலுக்கும் குளிருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே நீளுகின்றன, சுருங்குகின்றன. அதனால் பிடி விடுவதில்லை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசை வந்தால் விரிசல் விடும். அந்த இழுவிசையைக் கம்பி வாங்கிக்கொள்ளும்.

அக்கா தங்கை குரல் அப்படித்தான். நம்ம பாட்டில் பத்து பேர் சேர்ந்து பாடினாலும் பெரும்பாலும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். அவர்கள் முறையில் ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வேறு ஸ்வரத்தில் கூடவே வருவார். யார் வேண்டுமானாலும் பழகிச் செய்யலாம். ஆனால் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் 'ஆ' என்று வாயைத் திறக்கிற விதம் ஒன்று, மூச்சு விடுகிற இடம் ஒன்று, வார்த்தையை முடிக்கிற இடம் ஒன்று. அதனால் பிடி விடுவதில்லை. அன்னாவின் குரல் மெல்லியது, கேட்டின் குரல் கொஞ்சம் உறுதியானது. ஒன்று வாங்காததை இன்னொன்று வாங்கிக்கொள்கிறது.

1982-ல் 'லவ் ஓவர் அண்ட் ஓவர்' வந்தது. தலைப்புப் பாட்டில் கிடார் வாசித்தவர் 'டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்' மார்க் நாஃப்ளர். பாப் சீகரின் ஒரு ஆங்கிலப் பாட்டைப் பிரெஞ்சாக்கியும் அதில் பாடியிருக்கிறார்கள். அதற்கப்புறம் எட்டு வருஷம் ஆல்பமே இல்லை. பிள்ளைகளை வளர்த்தார்கள். 1990-ல் 'ஹார்ட்பீட்ஸ் ஆக்சிலரேட்டிங்', 1996-ல் 'மாட்டபீடியா'. மாட்டபீடியா கியூபெக்கில் ஓடும் ஒரு நதி. தலைப்புப் பாட்டில், அந்தக் காலத்துக் காதலன் பல வருஷம் கழித்து மகளைப் பார்க்கிறான். அவள் முகத்தில் தாயின் பழைய முகம். அதே ஆல்பத்தில், கியூபெக்கிலிருந்து பிழைப்புக்காக அமெரிக்க நூல் மில்களுக்குப் போன ஜனங்களைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. மில் ஊர்களிலிருந்து வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டாம். 1997-ல் அந்த ஆல்பத்துக்குக் கனடாவின் ஜூனோ விருது கிடைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1998-ல் வந்த 'தி மெக்கரிகல் ஹவர்'. பழைய ரேடியோ நிகழ்ச்சி மாதிரி அமைத்திருப்பார்கள். அதில் யார் யார் பாடுகிறார்கள் என்று கேளுங்கள். கேட், அன்னா, மூத்த அக்கா ஜேன், கேட்டின் பிள்ளைகள் ரூஃபஸும் மார்த்தாவும், அன்னாவின் பிள்ளைகள், அன்னாவின் கணவர், அப்புறம் கேட்டைப் பிரிந்துபோன கணவர் லவுடனும்! சீர் செய்யவில்லை, பத்திரிகையில் பேர் போடவில்லை என்று பத்து வருஷம் பேசாமல் இருக்கிற நம்ம குடும்பங்களை நினைத்துக்கொண்டேன். என் குடும்பத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எஞ்சினியர்களுக்காக இன்னும் ஒன்று. இவர்கள் வேட் ஹெம்ஸ்வொர்த் என்று ஒருவருடைய பாட்டுகளை விடாமல் பாடினார்கள். அவர் தொழில் பாடகர் இல்லை. சர்வே வேலை, டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர். 1949-ல் ஒன்டாரியோ ஹைட்ரோவின் அணைத் திட்டத்துக்காக வடக்குக் காட்டில் சர்வே செய்தபோது கருப்பு ஈக்கள் கடித்த கடியை வைத்தே ஒரு பாட்டுக் கட்டினார். அதை வைத்து கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1991-ல் எடுத்த அனிமேஷன் குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதில் ஹெம்ஸ்வொர்த் பாட, பின்னணிக் குரல் இந்தச் சகோதரிகள். அதற்கு முன்பே 1979-ல், ஆற்றில் மரக்கட்டைகளை மிதக்கவிட்டு அவற்றின் மேல் நடந்து ஓட்டிச் செல்லும் தொழிலாளிகளைப் பற்றிய அவருடைய இன்னொரு பாட்டை, 'லாக் டிரைவர்ஸ் வால்ட்ஸ்', அதே வாரியம் மூன்று நிமிஷக் கார்ட்டூனாக எடுத்தது. அதையும் இவர்கள்தான் பாடினார்கள். கனடாவில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். தியோடலைட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தோமே, நம்ம சர்வே கேம்ப், அதில் ஒரு பாட்டாவது கட்டினோமா? கட்டினோம். ஆனால் அதை இந்த மேடையில் சொல்ல முடியாது!

2003-ல் மறுபடி ஒரு பிரெஞ்சு ஆல்பம், 'லா வாஷ் கீ ப்ளர்', அழுகிற பசு என்று அர்த்தம். 2005-ல் கிறிஸ்துமஸ் பாடல்கள், அதிலும் குடும்பமே கூடிப் பாடியது. 2006-ல் கேட்டுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சார்கோமா என்ற அரிய வகை. அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு, தான் படித்த மெக்கில்லின் மருத்துவமனையில் அவர் பேரில் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். 2009 டிசம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் குடும்பத்தோடு மேடை ஏறிப் பாடினார். ஆறு வாரம் கழித்து, 2010 ஜனவரி 18-ம் தேதி மாண்ட்ரியலில் காலமானார். வயது 63.

அந்த வருஷமே 'ஆடிட்டீஸ்' என்று ஒரு தொகுப்பு வந்தது. பல வருஷமாக அங்கங்கே பாடி, ஆல்பம் எதிலும் சேராமல் கிடந்த பதிவுகள். சின்ன வயதில் அப்பாவோடு பாடிய அதே ஸ்டீபன் ஃபாஸ்டர் பாட்டுகள் அதில் உண்டு. 2011-ல் முதல் இரண்டு ஆல்பங்களையும், அவற்றுக்கு முன்னால் கேட்டும் அன்னாவும் பாடிப் பதிந்த மாதிரிப் பதிவுகளையும் சேர்த்து மூன்று சிடிக்களாக வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்புக்கு என்ன தலைப்பு வைத்தார்கள் தெரியுமா? 'டெல் மை சிஸ்டர்'. அன்னாவும் ஜேனும் சேர்ந்து 2015-ல் 'மவுண்டன் சிட்டி கேர்ள்ஸ்' என்று தங்கள் குடும்பக் கதையையும் எழுதினார்கள்.

இப்போது, பின்னால் சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவும் அவளுடைய அக்காவும், எனக்குப் பெத்தம்மா, எங்கள் ஊரில் கும்மிப் பாட்டுக்குப் பேர் போனவர்கள். பொங்கல் முடிந்த ராத்திரிகளில் இரண்டு பேரும்தான் எடுத்துக்கொடுப்பார்கள். பாதி தெலுங்கு, பாதி தமிழ். ஒரு அடி தெலுங்கில் கேள்வி, அடுத்த அடி தமிழில் பதில். நான் காலேஜ் லீவில் போகும்போது, "என்னம்மா இது ரெண்டும்கெட்டான் பாட்டு" என்று கேலி செய்திருக்கிறேன். பக்கத்தில் பெத்தம்மா இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மாண்ட்ரியலில் உட்கார்ந்து இந்த ஆல்பங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கும்மிதான் காதில் கேட்டது. ஊருக்குப் போனதும் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பதிவு செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நல்ல மைக் ஒன்றுகூட அங்கே வாங்கினேன். 2016 செப்டம்பரில் திரும்பி வந்தேன். வேலை. அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பொங்கலுக்கு ஒரு டெட்லைன். அடுத்த பொங்கலுக்கு மனைவிக்குப் பேறுகாலம். மைக் பெட்டியிலேயே இருந்தது. 2018-ல் பெத்தம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து மைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். தெலுங்கு அடியைப் பாடினாள். நிறுத்தினாள். அடுத்த அடி பெத்தம்மாவுடையது. அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை, நாற்பது வருஷமாகக் கேட்டதுதானே. ஆனால் வாய் வரவில்லை. "அது அக்கா பாடுறதுடா" என்றாள். பதிவில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. வேப்ப மரத்தில் ஒரு காக்கா கத்துகிறது, தூரத்தில் ஒரு பஸ் ஹாரன். அவ்வளவுதான்.

அன்றைக்கு என் அக்கா பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அந்த அடுத்த அடியை அவள் எடுத்தாள். மெட்டு கொஞ்சம் தப்பு, இரண்டு வார்த்தை விட்டுப்போனது. அம்மா திருத்தினாள். மறுபடி பாடினார்கள். இப்படி நான்கு நாளில் பதினோரு பாட்டு பதிவு செய்தோம். மூன்று பாட்டு முழுசாகக் கிடைக்கவில்லை. அவை பெத்தம்மாவோடு போய்விட்டன. நான் கேலி செய்த பாட்டும் அந்த மூன்றில் ஒன்று.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை. உங்கள் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் நான் மாண்ட்ரியலில் காசு கொடுத்து வாங்கிய மைக்கைவிட நல்ல கருவி இருக்கிறது. அதில் என்னென்னவோ பதிகிறீர்கள். வீட்டில் பாடத் தெரிந்த ஒருத்தர் இருந்தால், இந்த லீவுக்குப் போகும்போது ஒரு தடவை அதையும் பதிந்து வையுங்கள். ஊர்ப் பேர், தேதி, பாடியவர் பேர் மூன்றையும் சொல்லிவிட்டுப் பதியுங்கள். டிராயிங்கில் டைட்டில் பிளாக் இல்லாவிட்டால் சார் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காப்பி வேறு இடத்திலும் வையுங்கள்.

இங்கே சௌராஷ்டிரம் பேசுகிற வீட்டிலிருந்து வந்தவர்கள் இருப்பீர்கள், கன்னடம், உருது, மலையாளம், படுக மொழி பேசுகிற வீட்டிலிருந்து வந்தவர்கள் இருப்பீர்கள். போனில் வீட்டு மொழியில் பேச வெட்கப்பட்டு வராண்டா மூலைக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். நானும் அந்த மூலையில் நின்றவன்தான். அங்கேயே பேசுங்கள், சத்தமாகப் பேசுங்கள். பக்கத்தில் நின்று கேலி பேசுகிற நண்பனுக்கும் ஒரு வார்த்தை: விளையாட்டுதான், தெரியும். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே வீட்டில் என்ன சொல்லிவிடுவான் என்று உனக்குத் தெரியாது.

என்னைக் கேலி செய்த அந்த மூன்று பேரும் இன்று இதே அரங்கில்தான் இருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில், தலையைக் குனிந்துகொண்டு. டேய், கோபமெல்லாம் இல்லடா. அந்தப் பதினோரு பாட்டையும் சுத்தம் செய்து, சத்தம் சரிபார்த்துக் கொடுத்தவன் அந்த மூவரில் ஒருவன்தான், ஈ.சி.ஈ. படித்தவன். ஒரு பைசா வாங்கவில்லை. "அந்த இடைவெளியை வெட்டிரட்டுமா?" என்று மட்டும் கேட்டான். வேண்டாம் என்றேன். அவனும், "நானும் அதான் நினைச்சேன்" என்றான்.

நேற்று இங்கே கிளம்பும்போது அம்மாவுக்குப் போன் செய்தேன். தெலுங்கில்தான் பேசினேன். அம்மா தமிழில்தான் பதில் சொன்னாள். பதினெட்டு, பத்தொன்பது வருஷப் பழக்கம், அவ்வளவு சீக்கிரம் மாறாது. விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டு மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது. செயலாளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், பாடவில்லை.